இலச்சினையும் வாயோலையும்: தொலைக்காட்சிப் பொறிகளின் வரலாறு பற்றி உத்திரமேரூரிலிருந்து ஒரு நோக்கு

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் அனைவரும் நன்கறிந்த ஊராகும். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வெங்கையா அவற்றைக் கல்வெட்டு ஆண்டறிக்கை வாயிலாக அறிஞர் உலகிற்கு அறிவித்தார். நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட தம் சோழர் வரலாற்று ஆய்வு நூலில் அவற்றை விளக்கினார். பிரான்சுவா குரோவும் நாகசாமியும் 1970இல் அவ்வூரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். இங்ஙனம் பலர் ஆய்ந்த கல்வெட்டுகளை நாம் மீண்டும் எடுத்துக்கொள்வது அவற்றின் ஆட்சிமுறைச் சிறப்பைப் புகழ்தற்கன்று. அவற்றுள் வரும் 'வாயோலை' என்னும் சிறு சொல்லொன்று இற்றை நாளில் நம் இல்லந்தோறும் ஒளிரும் தொலைக்காட்சிப் பொறிகளை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்கின்றது. அத்துணையைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் திரையின் ஒரு மூலையில் சிறு பொறி ஒன்று நீங்காது நிற்பதை யாவரும் காண்கின்றனர். கண், ஞாயிறு, விண்மீன், எழுத்து எனப் பல வடிவில் அஃது அமைகின்றது. விளம்பரக் கலையைச் சார்ந்த ஓர் அணி என்றே பலரும் அதனைக் கருதுவர். அஃது அணியன்று, ஆவணத்தின் ஓர் உறுப்பே என்பது நம் கருத்து. இதனைச் சொல், செப்பேடு, கல்வெட்டு, தொலைக்காட்சி வரலாறு என்னும் நான்கின் வாயிலாக நிறுவ முயல்வாம்.

2. சொல்லும் வழக்கும்

இவ்வடிவைக் குறிக்கத் தமிழில் பொறி, முத்திரை, இலச்சினை, சின்னம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பொறி என்பது பழைமையானது. சோழர் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பண்டங்களின்மேல் அரச அலுவலர் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அப்பொறி பண்டத்தை அழகுசெய்ய இட்டதன்று. சுங்கம் கொள்ளப்பட்டது என்பதற்கும் அரசன் காவலில் உள்ளது என்பதற்கும் அது சான்றாயிற்று.

சிலப்பதிகாரத்தில் இக்கருத்து இன்னும் விரிவாக வருகின்றது. வடநாட்டு மன்னர்க்கு விடுக்கும் ஓலைகளில் வில், கயல், புலி ஆகிய மூன்றையும் பொறித்து விடுக்குமாறு அமைச்சர் செங்குட்டுவனிடம் கூறுகின்றார். மாதவி கோவலனுக்கு விடுத்த ஓலையும் மண்ணால் முத்திரையிடப்பட்டிருந்தது. அம்மண்ணில் அவள் கூந்தலின் சுவடு பதிந்திருந்தமையால், ஓலையைப் பிரிக்குமுன்பே கோவலன் அதனை விடுத்தவள் யார் என்பதை உணர்ந்தான். அரசர் ஓலைக்கும் அன்புடையாள் ஓலைக்கும் முத்திரை ஒரே தொழிலையே செய்கின்றது. உள்ளே இருப்பது யாது என்பதை அது கூறாது; கூறுபவர் யார் என்பதை மட்டும் கூறும். இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுமைக்கும் அடிப்படையாதலின் மனத்திற் கொள்ளத்தக்கது.

3. செப்பேட்டு வளையம்

உத்திரமேரூர் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் சதுர்வேதி மங்கலமாகச் சிறப்புற்றது. பல்லவர் செப்பேடுகளின் இலச்சினையில் எருது காணப்படும். சோழர் இலச்சினையிலோ அமர்ந்த புலியும், இரு கயல்களும், வில்லும், குடையும், சாமரைகளும் இடம்பெற, அவற்றைச் சூழ அரசன் பெயர் பொறித்த வாசகம் ஓடும். சோழரது புலியோடு பாண்டியர் கயலும் சேரர் வில்லும் ஒருங்கு நிற்றல், மூவர் நாடும் ஒரு குடைக்கீழ் வந்தன என்னும் அரசியற் கூற்றாகும். எழுத்தறியாதாரும் அதனைப் படிக்கலாம் என்க.

இவ்விடத்துச் செப்பேட்டின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். ஏடுகளின் ஒரு புறத்தில் துளையிட்டு, அத்துளைகளின் வழியே வளையம் ஒன்றைக் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் இலச்சினையின் அடியிற் பற்றவைத்துவிடுவர். ஆனைமங்கலச் செப்பேடுகளின் பெருந்தொகுதியில் 21 ஏடுகள் இங்ஙனமே ஒரு வளையத்திற் கோக்கப்பெற்றுள்ளன. வளையத்தை அறுத்தாலன்றி ஏடொன்றை எடுக்கவோ வேறொன்றைச் செருகவோ இயலாது. இதனாலன்றோ செப்பேடுகளைப் பதிப்பித்த அறிஞர், ஏடு தம் கைக்கு வந்தபொழுது வளையம் அறுபட்டிருந்ததா அன்றா என்பதை முதற்கண் குறித்துச் செல்கின்றனர். ஆகவே இலச்சினையின் வலிமை அதன் வடிவில் மட்டும் இல்லை. அதனை ஏட்டோடு பிணிக்கும் வளையத்திலும் உள்ளது. வளையம் அறுந்த இலச்சினை வெறும் செம்புத் துண்டேயாகும்.

அற்றேல், இலச்சினை உடைய ஏடெல்லாம் மெய்யேடோ எனின், அன்று. மேலைக் கங்கர் பெயரால் வழங்கும் செப்பேடுகள் பலவற்றைப் பிளீட்டு போலி என ஒதுக்கினார். எழுத்தின் வடிவம் காலத்தோடு ஒவ்வாமை, தேதிக் குறிப்பு பொருந்தாமை, மரபுவழி முரண்படுதல், மொழிப்பிழை ஆகியவற்றைக் கொண்டே போலி ஏடுகளை அறிஞர் இனங்காண்கின்றனர். இலச்சினை சான்றின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பது இதனாற் பெறப்படும்.

4. குடவோலையும் வாயோலையும்

இனி உத்திரமேரூர்க் கல்வெட்டிற்கு வருவாம். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, அவற்றை ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பினது என்று காட்டும் வாயோலையைப் பூட்டிக் குடத்தில் இடுவர். இவ்வாயோலை எவரையும் தெரிந்தெடுப்பதில்லை, எவர்க்கும் வாக்களிப்பதுமில்லை. இக்கட்டு எங்கிருந்து வந்தது என்பதை அறிவித்தல் ஒன்றே அதன் தொழில். ஆயினும் அதுவின்றி 30 கட்டுகளும் ஒன்றோடொன்று மயங்கும்.

இனி, சபையார் வாயோலையை மட்டும் நம்பி அமையவில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. இளையோர் முதியோர் ஈறாக அனைவரும் கூடிய மகாசபையில், நம்பிமாருள் மூத்தவர் எழுந்து, அனைவரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளீடு அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திற் பெய்து குலைத்தபின் அச்சிறுவனே ஓர் ஓலையை வாங்கி மத்தியத்தன் கையிற் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அவன் வாசித்ததோடு நில்லாது, அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அவ்வோலையை வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

விரலை மடக்காது உள்ளங்கை விரித்து ஏற்க வேண்டும் என்று விதித்தது என்னை? விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடும் என்னும் ஐயமேயாம். வாசிப்பவன் மாற்றி வாசித்தலும் கூடும். அதற்காகவே பலரும் வாசிக்க விதித்தனர். இம்முறை அனைவர்க்கும் உரியதாக இருந்ததில்லை. காணிநிலமும் தன்மனையும் வேதக் கல்வியும் 35 முதல் 70 வரை அகவையும் உடைய பிரமதேயத்து ஆடவர்க்கே 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இடமளித்தது. பெண்டிரும் உழுகுடிகளும் அதன் புறத்தே நின்றனர். இக்குறையை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. எனினும் சரிபார்க்கும் முறையில் அக்கல்வெட்டுக் காட்டும் விழிப்பு இன்றும் கற்கத்தக்கது.

5. கண்: ஒரே இலச்சினைக் காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. அப்பொழுது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1976 ஏப்பிரல் 1 அன்று அது தனியே பிரிக்கப்பட்டுத் 'தூர்தர்சன்' என்னும் பெயரைப் பெற்றது. பிரிந்த நிறுவனத்திற்குத் தனி இலச்சினை வேண்டப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவராயிருந்த தேவாசிசு பட்டாச்சாரியா வரைந்த வடிவம் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. நடுவே ஒரு வட்டம் நிற்க, இரு வளைவுகள் அதனைத் தழுவிக் கண் போல அமையும் அவ்வடிவம், திரையில் சுழன்று வந்து ஒன்றுசேரும். பண்டிதர் இரவிசங்கரும் செனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் அதற்கு இசை அமைத்தனர்.

கண்ணைப் பொறியாகக் கொள்ளுதல் புதிதன்று. அமெரிக்காவின் சி.பி.எசு. நிறுவனம் வில்லியம் கோல்டன் வரைந்த கண்வடிவை 1951 முதல் வழங்கி வருகின்றது. இங்கிலாந்தின் பி.பி.சி.க்கு 1953இல் ஆபிராம் கேம்சு அமைத்த சுழலும் வடிவம், உலோகத்தாற் செய்த உருவை இயக்கிப் படம்பிடித்ததாகும். என்.பி.சி. 1956இல் பல வண்ணத் தோகை விரித்த மயிலைக் கொண்டது. நிகழ்ச்சி வண்ணத்தில் வருகின்றது என்று அறிவித்தலே அம்மயிலின் முதற்பணி. இவற்றால், பொறி ஒவ்வொன்றும் ஒரு தொழிலை முன்னிட்டே பிறந்தது என்பது விளங்கும்.

தூர்தர்சனின் கண்ணுக்கு அன்று இருந்த தொழில் யாது? ஓரூரில் ஓர் அலைவரிசையே இருந்த காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்த வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே அப்பொறி நிகழ்ச்சி முழுதும் மூலையில் நில்லாது தொடக்கத்தில் தோன்றிற்று. கோயிலில் திருச்சின்னம் ஊதியதும் பூசை தொடங்குமாறு போல, அவ்விசை எழுந்ததும் ஒளிபரப்புத் தொடங்கிற்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஊராட்சியார் தொலைக்காட்சிப் பெட்டிக்கெனச் சிறு அறை கட்டி, மாலையில் திறந்து ஊரார் அனைவரும் காண வைத்தனர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காண அவ்வறைமுன் கூடியோர்க்குச் சுழலும் கண்ணும் செனாய் இசையும் 'தொடங்கிற்று' என்னும் பொருளையே தந்தன. தொடக்கம் அறிவித்தல் என்னும் இதனைப் பொறியின் முதற்றொழில் எனக் கொள்வாம்.

6. ஞாயிறு: பல இலச்சினைக் காலம்

1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தமையால் நிலைமை மாறிற்று. 1993 ஏப்பிரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் தொலைக்காட்சி தொடங்கியது. இராசு தொலைக்காட்சி 1994இல் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் வேறு பெயரில் தொடங்கிய அலைவரிசை ஒன்று பின்னர் விசய் தொலைக்காட்சி ஆயிற்று; 2001இல் அது ஸ்டார் நிறுவனத்தைச் சேர்ந்தபின் 'ஸ்டார் விசய்' என்னும் பெயரோடு விண்மீன் வடிவையும் ஏற்றது. செயா தொலைக்காட்சி 1999இல் அப்பெயர் பெற்றது. ஒரே கம்பிவழியே பல அலைவரிசைகள் வீட்டிற்குள் வந்தபோது, இஃது எவருடையது என்பதைக் கணந்தோறும் அறிவிக்க வேண்டியதாயிற்று. பொறி தொடக்கத்திலிருந்து திரையின் மூலைக்கு நகர்ந்து அங்கேயே நிலைபெற்ற வரலாறு இதுவே. 30 கட்டுகள் ஒரு குடத்தில் விழுந்தபொழுது வாயோலை தேவைப்பட்டாற்போல, பல அலைவரிசைகள் ஒரு பெட்டியில் விழுந்தபொழுது மூலைப்பொறி தேவைப்பட்டது. வேறுபடுத்தல் என்னும் இதனை இரண்டாந்தொழில் என்க.

ஞாயிற்றுப் பொறியின் வரலாறு தனித்து நோக்கற்பாலது. சன் குழுமத்தின் கன்னட அலைவரிசை 'உதயா' எனவும் மலையாள அலைவரிசை 'சூர்யா' எனவும் பெயர் பெற்றன. ஆங்கிலச் சொல்லும் வடசொற்களும் ஆகிய இம்மூன்றும் ஞாயிற்றையோ அதன் எழுச்சியையோ குறிப்பன. மொழி வேறாயினும் குடி ஒன்று என்பதைப் பெயரே அறிவித்தது. ஒரு குடியின் கிளையினர் தத்தம் செப்பேட்டில் ஒரே விலங்கைப் பொறித்துக்கொள்வது போன்றது இது.

இங்கே தேர்தற் சின்னத்தின் வரலாறும் வந்து கலக்கின்றது. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில், வாக்காளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவராதலின், வாக்குப்பெட்டிகளில் சின்னங்கள் ஒட்டப்பட்டன. உதயசூரியன் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சின்னமாக நிலைபெற்றது. சன் தொலைக்காட்சியை நிறுவிய கலாநிதி மாறன் அக்கழகத் தலைவர்களுள் ஒருவராயிருந்த முரசொலி மாறனின் மகனாதலின், திரையின் ஞாயிற்றையும் வாக்குச்சீட்டின் ஞாயிற்றையும் மக்கள் இணைத்தே நோக்கினர். ஆயின் 2007இல் கழகத் தலைமைக்கும் மாறன் குடும்பத்தினர்க்கும் மனவேறுபாடு தோன்றியபோது, கழகச் சார்புடைய கலைஞர் தொலைக்காட்சி அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தனியே தொடங்கிற்று. 2008 இறுதியில் வேறுபாடு தீர்ந்தும் இரு நிறுவனங்களும் தனித்தனியே தொடர்ந்தன. ஆகவே இரண்டு ஞாயிறுகளும் ஒன்றல்ல என்பது நிகழ்ச்சியாலேயே தெளிவாயிற்று. பொறிகளின் ஒப்புமை கண்டு உரிமை ஒன்றெனத் துணிதல் பிழை. காசில் எருதைக் கண்டவுடன் பல்லவர் காசெனத் துணிந்துவிடாது, எழுத்தையும் கிடைத்த இடத்தையும் ஆராய்தல் வேண்டும் என்று நாணயவியலார் கூறும் நெறி இங்கும் ஏற்புடைத்து.

7. பெயர்களின் சான்று

வடிவைப் போலவே பெயரும் பொறியின் ஓர் உறுப்பாகும். தூர்தர்சனின் தமிழ் அலைவரிசை 'பொதிகை' என்னும் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்தது. அகத்தியர் உறைந்த மலையெனத் தமிழ் மரபு போற்றும் பொதியிலின் பெயர் அது. 2024 சனவரி 19 அன்று அவ்வலைவரிசை 'டிடி தமிழ்' என்னும் பெயரோடு புதுவடிவிற் தொடங்கப்பட்டது. முன்னைய பெயர் இடத்தாலும் தொன்மத்தாலும் தமிழைச் சுட்டிற்று. பின்னையது மொழிப்பெயரை நேரே கூறி, நடுவண் நிறுவனத்தின் கிளை என்பதை முன்னிறுத்துகின்றது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் நம் பணியன்று. ஆயினும் பெயர் மாற்றம் பொருள் மாற்றமே என்பதைக் குறித்தல் வேண்டும். அவ்வாண்டு ஏப்பிரலில் டிடி நியூசின் பொறி சிவப்பிலிருந்து காவியாக மாறியபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் உள்ளிட்டோர் கண்டனம் தெரிவித்தனர். நிறுவனத்தார் அது வடிவழகு கருதிய மாற்றமே என்றனர். வெறும் வண்ணமாயின் இத்துணை வழக்கு எழுந்திராது. பொதுமக்கள் பொருளால் இயங்கும் நிறுவனத்தின் பொறி அனைவர்க்கும் உரியது என்னும் உணர்வே அவ்வழக்கின் அடியில் நின்றது.

ஏனைய பெயர்களும் சிந்தனைக்கு உரியன. 2006இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பெயர்களையும் தூய தமிழில் அமைத்தது. புதிய தலைமுறை 2011 ஆகத்து 24இல் தொடங்கிற்று. 'தந்தி' தொலைக்காட்சி 2012இல் வந்தது, 1942இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயரை அது ஏற்றது. செய்தி விரைவாக வரும் வழி கம்பித் தந்தியே என்றிருந்த காலத்திற் பிறந்த பெயர் அது. 2013 சூலை 15இல் இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. கருவி மறைந்தும் பெயர் திரையில் ஒளிர்கின்றது. வில்லை எடுத்துப் போர்செய்யும் வழக்கம் ஒழிந்தபின்னும் இலச்சினையில் வில் நிற்பது போன்றது இது.

8. வளையம் அறுந்தமை

தமிழ்நாட்டரசு 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கிற்று. ஊராட்சியின் பொது அறையிலிருந்து பெட்டி ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் புகுந்தது. ஊர்கூடிக் கண்ட காட்சியைக் குடும்பம் கூடிக் கண்டது. பின்னர்க் கைப்பேசி வந்தது. ஒருவரே தனித்துக் காணும் நிலை ஏற்பட்டது. இம்மாற்றத்தோடு பொறியின் மூன்றாந்தொழிலும் அதற்கு நேர்ந்த இடரும் தொடங்குகின்றன.

ஒளிபரப்பில் பொறியை ஏற்றுதல் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் நிகழ்வது. அனுப்புங் கருவி எவர் கையில் உள்ளதோ அவரே பொறியைத் திரையில் நிறுத்த இயலும். ஆகவே வானலை அல்லது கம்பிவழி வந்த காட்சியில் பொறி செய்தியோடு பிணிப்புண்டிருந்தது. செப்பேட்டில் வளையம் செய்த வேலையை இங்கே அனுப்புங் கருவி செய்தது. இன்று செய்தி அலைவரிசைகள் தம் பொறியோடு, ஓரிரு வரிச் செய்தியையும் படத்தையும் சேர்த்து, 'நியூஸ் கார்டு' என வழங்கும் அட்டை வடிவில் கைப்பேசிக்கென வெளியிடுகின்றன. அவ்வட்டையின் வடிவையும் வண்ணத்தையும் பொறியையும் எவரும் படியெடுத்து, தாம் விரும்பிய வரியை இட்டுப் பரப்ப இயலுகின்றது. தமிழ்நாட்டில் தேர்தல்தோறும் இத்தகைய போலி அட்டைகள் உலவுவதும், 'இஃது எம்முடையதன்று' என்று அலைவரிசைகள் மறுப்பு வெளியிடுவதும் வழக்கமாகிவிட்டன. 2023இல் தமிழ்நாட்டரசே தகவல் சரிபார்ப்புக்கெனத் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தும் நிலை உண்டாயிற்று. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே மெய், பொய் எனத் தீர்ப்பது தகுமோ என்னும் வினாவும் உடன் எழுந்தது.

சான்றாதலே பொறியின் மூன்றாந்தொழில். இன்ன நிலையம் கூறிற்று என்பதற்கு மூலையிலுள்ள பொறியையே மக்கள் சான்றாகக் கொண்டனர். முப்பது ஆண்டுப் பழக்கத்தால் வேரூன்றிய அந்நம்பிக்கையைத்தான் போலி அட்டை கவர்ந்துகொள்கின்றது. பொறிக்கு மதிப்பு மிகமிக, அதனைக் களவு செய்தலால் வரும் பயனும் மிகும். வடமொழி நாடகமாகிய முத்திராராட்சசத்தில் அமைச்சன் இராட்சசனது கணையாழி மாற்றார் கையிற் சிக்க, அதனால் முத்திரையிட்ட ஓலையே அவனுக்குப் பகையாய் முடிகின்றது. கணையாழி மெய்யே, ஓலையே பொய். இன்றைய அட்டையின் நிலையும் இதுவே. வளையம் அறுந்துவிட்டது, இலச்சினை மட்டும் தனியே உலவுகின்றது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்வார்க்கு ஏரிநீர் திறப்பு, நெல் கொள்முதல், பள்ளி விடுமுறை, உதவித்தொகை முதலிய செய்திகள் இன்று பெரும்பாலும் கைப்பேசி வழியே எட்டுகின்றன. வாக்குப்பதிவிற்கு முன்னாள் இரவு வரும் பொய்யட்டை ஒன்று மறுநாட் காலைக்குள் தன் வேலையை முடித்துவிடும். மறுப்பு வந்து சேரும்போது வாக்குப் பதிவாகியிருக்கும். போலிச் செப்பேட்டால் ஒரு நிலத்தின் உரிமை பிறழ்ந்தது. போலி அட்டையால் ஓர் ஊரின் தீர்ப்பே பிறழக்கூடும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, தொலைக்காட்சிப் பொறி அணியன்று. புலிப்பொறி, மண்முத்திரை, செப்பேட்டு இலச்சினை, வாயோலை ஆகியவற்றின் வழியில் வந்த ஆவண உறுப்பு. இரண்டாவது, அதன் தொழில் தொடக்கம் அறிவித்தல், வேறுபடுத்தல், சான்றாதல் என மூன்று நிலையாக வளர்ந்தது. கண் முதலாவதற்கும் ஞாயிறு இரண்டாவதற்கும் செய்தி அட்டை மூன்றாவதற்கும் எடுத்துக்காட்டு. மூன்றாவது, பொறியை மட்டும் கொண்டு மெய்ம்மை துணிதல் எக்காலத்தும் போதியதாக இருந்ததில்லை.

இம்மூன்றாவதைப் பற்றித் தமிழ் ஆய்வு மாணவர்க்கு ஒரு சொல். ஏட்டின் எழுத்து வடிவம் அக்காலத்ததோ, தேதி பொருந்துகின்றதோ, நடை அவ்வரசனது மெய்க்கீர்த்திக்கு ஒத்ததோ, வேறு ஏட்டில் இச்செய்தி உண்டோ என்று வினவிப் பயின்றவர் நாம். ஓர் அட்டையிலும் இவ்வினாக்களையே எழுப்பலாம். எழுத்துரு அந்நிலையத்தார் வழங்குவதோ, நாளும் நேரமும் உளவோ, அவர்தம் செய்தி நடையோ இது, அவர்தம் சொந்தப் பக்கத்தில் இஃது உண்டோ என்பனவே அவை. கல்வெட்டுக் கலை கடந்த காலத்திற்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையில் அதனைக் கற்ற ஒவ்வொருவரும் தம் வீட்டார்க்கும் ஊரார்க்கும் இவ்வினாக்களைக் கற்பித்தல் கடன் எனக் கருதுகின்றோம்.

வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் எழுதுவித்த சபையார், வாயோலை இருந்தும் உள்ளங்கையை விரிக்கச் சொன்னார்கள். ஒருவர் வாசித்தும் பலரை வாசிக்கச் சொன்னார்கள். அடையாளத்தையும் கொண்டார்கள், ஐயத்தையும் விட்டாரில்லை. திரைமூலையிற் பொறி எத்துணை ஒளிர்ந்தாலும் நாம் விரலை விரித்தே அதனை ஏற்றல் வேண்டும் என்பதே அக்கல்வெட்டு இன்று நமக்குக் கூறுவது.